ராஜாவுக்குப் பிடித்தவள்

பேன் இருக்கு இவ தலையில. உச்சியில ரெண்டு, காதோரம் ஒரு பொடிசு. உச்சிவெயிலுக்குள்ள மண்ணுக்குள்ள போகப்போற தலைக்கு எதுக்குப் பேன் பாக்கறேன்னு எனக்கே தெரியல, கை சும்மா இருக்க மாட்டேங்குது, அவ்வளவுதான். போகப்போற தலைன்னு நான்தான் சொல்லிக்கறேன். இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லல. தெந்தி ஆடாம உக்காந்திருக்கா, முதுகை நிமித்திக்கிட்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி. வெளிய முத்தத்துல சிரிக்கறாங்க. மூணு நாளா இதே சிரிப்புதான். எங்க திரேஸ் நாட்டுல பிள்ளை பொறந்தாத்தான் ஒப்பாரி. சுத்தி உக்காந்து, ஐயோ பாவி, இனிமே உனக்கு எத்தனை பசியோ, எத்தனை பனியோ, யார் யார் கையால அடியோன்னு ஒண்ணொண்ணா எடுத்துச் சொல்லி அழுவோம். செத்தாச் சிரிப்போம், தப்பிச்சான்டா புண்ணியவான்னு. என் புருஷன் முக்கத்ரல் ராஜா தப்பிச்சு இன்னியோட மூணு நாள். ஆட்டுக்கறி வேகுது, கொம்புக் கிண்ணத்துல மது ஊத்தி ஊத்திக் குடிக்கறானுங்க, குதிரைப் பந்தயம் வேற. ராஜா பெரிய கூடத்துல படுத்திருக்காரு, மூஞ்சியில தங்கத்தகடு, அதையும் மீறி ஈ மொய்க்குது. நாங்க மூணு பெண்டாட்டிங்க, நான் நடுவுல, இந்தத் தெந்தி கடைசி. எங்கள்ல யார் மேல அவருக்கு ரொம்பப் பிரியம்னு அவரோட சிநேகிதக்காரங்க மூணு பேர் உக்காந்து ஒவ்வொருத்தியா கூப்பிட்டு விசாரிப்பாங்க. ஜெயிச்சவளை ஊரே புகழும். புகழ்ந்து, கூட்டிட்டுப் போய், புதைமேட்டுல வச்சு அவளோட சொந்தக்காரன் கையாலயே கழுத்தை அறுத்து, ராஜா பக்கத்துல படுக்கவச்சு மண்ணு தள்ளுவாங்க. தோத்தவளுங்க உசிரோட இருப்பாளுங்க. அதைவிடக் கேவலம் ஒரு பொம்பளைக்குக் கிடையாதாம். எனக்கு அந்தக் கேவலம் வேணும். முப்பத்தெட்டு வயசாகுது, வாயில பல்லு அத்தனையும் இருக்கு, காலையில எந்திரிச்சா பசிக்குது. எனக்குச் சாகப் பிடிக்கல. இதை வாய்விட்டுச் சொன்னா என் சொந்த அண்ணனே காறித் துப்புவான்.

இப்ப உள்ள இருக்கறது மந்தா, மூத்தவ. கம்பளித் திரைக்கு அந்தப் பக்கம் அவ குரல் கேக்குது, வார்த்தை இன்னும் பிடிபடல. அறுபது வயசு. அவளுக்குச் சாகணும். நிசமாவே சாகணும், வேஷம் இல்ல. அவ தம்பி கத்தியோட முன்வரிசையில நிக்கிறான், அவ மகன் நாளைக்கு ராஜா, ராஜாவோட அம்மா ஜெயிச்சுப் போனவன்னு நாலு தலைமுறைக்குப் பேர் சொல்லுவாங்க. மூணு நாளா பட்டினி கிடந்து, வாசனைத் தண்ணியில குளிச்சுத் தயாரா இருக்கா. சாகணும்னு ஒருத்தி நிக்கிறா, வேண்டாம்னு ஒருத்தி நிக்கிறா. புத்தியுள்ளவளா இருந்தா நான் என்ன செஞ்சிருக்கணும். எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் அவ காதுல ஓதி அவளையே ஜெயிக்க வச்சிருக்கணும். அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் உசிரு. பச்சைப்பிள்ளைக்கும் விளங்கற விஷயம். பத்து நாளா இதையேதான் நெஞ்சுக்குள்ள போட்டு அரைக்கறேன். ஆனா அவளா? அவர் பக்கத்துல, அந்த இருட்டுக்குள்ள, காலம் பூரா அந்தக் கிழவியா? மாட்டேன். தன் மூக்கு அறுந்தாலும் எதிராளிக்குச் சகுனம் தப்பணும்னு நினைக்கற சாதி நான், அதை மறைச்சு என்ன ஆகப்போகுது. என் மகன் மூணு வயசுல செத்தான். காய்ச்சல், மூணே நாள். புதைக்கும்போது எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், தாடை வலிக்கற வரைக்கும் சிரிச்சேன். நடுவுல ஒரு மூச்சு நேரம் சிரிப்பு நின்னுபோச்சு. ஒரே ஒரு மூச்சு. அதுக்குள்ள இந்த மந்தா வந்து என் கன்னத்தைக் கிள்ளி, "சிரிடி, பிள்ளை தப்பிச்சுட்டான்ல"ன்னா. அவ மேல தப்புச் சொல்ல முடியாது, வழக்கத்தைத்தான் சொன்னா. அவ நகம் பதிஞ்ச இடத்தை இன்னிக்கும் கண்ணை மூடிக்கிட்டு என்னால காட்ட முடியும். பதினாலு வருஷம் ஆச்சு.

சரி, அதுக்கு இந்தத் தெந்தி என்ன பண்ணினா. ஒண்ணும் பண்ணல. பதினேழு வயசு. வடக்க பெரிய ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு குதிரையைக் குடுத்து வாங்கிட்டு வந்தது, ரெண்டு வருஷம் முன்னாடி. வந்தன்னிக்கு ராஜா பேரைக் கேட்டாரு, மறுநாளே மறந்துட்டாரு, அப்புறம் ஏய் ஆத்துக்காரின்னுதான் கூப்பிடுவாரு. கால் பிடிச்சுவிட ரெண்டு தடவை கூப்பிட்டிருப்பாரு. அதுவும் என்னையும் பக்கத்துல வச்சுக்கிட்டு. அவ போட்டிக்கே நிக்க முடியாது, ஏன்னா கையில குறி இல்ல. எங்க ஊர்ல நல்ல வீட்டுப் பொண்ணுன்னா முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் பச்சை குத்தியிருக்கும், எந்த வீடுன்னு அதைப் பாத்தாலே தெரியும். குறி இல்லைன்னா வீடு இல்ல, வீடு இல்லைன்னா கழுத்தறுக்க ஆள் இல்ல, ஆள் இல்லாதவளை யாரு விசாரிக்கப் போறா. ஆனா குறி உள்ளவ தன் கையால குத்தி ஒருத்தியைத் தன் வீட்டுல சேத்துக்கலாம், அதுவும் முறைதான். அதனால ராஜாவுக்கு இருமல்ல ரத்தம் வந்த அன்னிக்கே நான் யோசிச்சுட்டேன். மத்தியானம் எல்லாரும் தூங்கறப்போ இவளைக் கூட்டிட்டுப் போய் பால் கறக்கற கொட்டகையில உக்கார வச்சு, கரியைக் குழைச்சு, ஊசி எடுத்து, எங்க வீட்டு மான் குறியை நானே குத்தினேன். வேற வீட்டுக் குறி எனக்குக் குத்தத் தெரியாது. மூணு மான், ஒண்ணு பின்னாடி ஒண்ணு. ரத்தம் துடைக்கத் துடைக்க வந்துது. அழுவான்னு பாத்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு மானையே பாத்துக்கிட்டிருந்தா. இனிமே எனக்கும் வீடு இருக்கா அக்கான்னு கேட்டா. இருக்குடி, எங்க வீடுதான் உன் வீடுன்னு சொன்னேன். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான், தெரிஞ்சேதான் சொன்னேன். வீங்கின கையோட அன்னிக்கு ராத்திரி எனக்குக் கால் அமுக்கிவிட்டா.

எங்க வீட்டுக் குறின்னா எங்க அண்ணன் தர்ஸாஸ்தான் இவ கழுத்துக்கு ஆளு. அவன்கிட்ட நேத்துத்தான் சொன்னேன். அவன் கத்தியைக் காட்டத்தான் வந்திருந்தான். நாலு நாளா தீட்டியிருக்கான், முழங்கை முடியில வச்சு இழுத்துக் காட்டினான், முடி பறந்துது. எனக்காகத் தீட்டினது. கண்ணு கலங்கியிருந்தான், கெபைரி, அப்பா மட்டும் இதைப் பாக்க இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாருன்னான். பாசக்காரன். சின்ன வயசுல என்னைத் தோள்ல தூக்கி வச்சுக் குதிரை பழக்கினவன். ராஜாவுக்கு உன் மேலதான் பிரியம்னு ஊருக்கே தெரியும், எனக்குக் கை நடுங்காது, உனக்கு வலிக்கவே வலிக்காதுன்னு திரும்பத் திரும்பச் சொன்னான். நான் தெந்தி பேச்சை எடுத்தேன். அவளும் நிக்கிறா அண்ணே, நம்ம குறி போட்டிருக்கேன், அவ ஜெயிச்சாலும் நம்ம வீட்டுக்குத்தான் பேருன்னேன்.  கத்தியை உறையில போட்டான், என்னை மேலயும் கீழயும் பாத்தான், போயிட்டான். அவனுக்குப் புரிஞ்சுதா புரியலையான்னு தெரியல. மந்தமானவன்தான், மெதுவா புரியும். புரிஞ்சா என்ன, வழக்கத்தை மீற மாட்டான்.

இந்தப் பத்து நாளா இவளுக்குப் பாடம் நடத்தினேன். ராஜா உடம்பை எழுத்தெழுத்தா சொல்லிக் குடுத்தேன். தொடையில பன்னி கிழிச்ச தழும்பு ஊருக்கே தெரியும், அது பிரயோசனப்படாது. வலது கால்ல நாலாவது விரலும் அஞ்சாவது விரலும் ஒட்டியிருக்கும், அதனாலதான் வெயில்லயும் பூட்ஸைக் கழட்ட மாட்டாரு, அதைச் சொல்லு. அப்புறம் விளக்கு. விளக்கைச் சொன்னா மந்தா வாயடைச்சுப் போவா, ஏன்னா அவளுக்கு அது தெரியாது, அவளைக் கூப்பிடறதை நிறுத்தினதுக்கு அப்புறம் வந்த பழக்கம். ராஜாவுக்குக் கூடப்பொறந்த தம்பி ஒருத்தன் இருந்தான், நல்ல அழகன். பங்கு கேட்டான்னு சொல்லி ஒருநாள் பந்தியிலேர்ந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போய், இரும்பைக் காய்ச்சி ரெண்டு கண்ணையும் எடுத்துட்டாங்க. கொல்லல, பெருந்தன்மை. குதிரைலாயத்துல வச்சிருந்தாங்க. கூழ் கொண்டு போய் ஊத்தினது நான்தான், பதினோரு வருஷம். என் காலடிச் சத்தம் கேட்டா, அண்ணி, வெளிச்சமா இருக்கா வெளியன்னு கேப்பான். இருக்குன்னு சொல்லுவேன். போன மாரிக்குச் செத்தான். அந்த இரும்பு காய்ச்சின நாள்லேர்ந்து இவருக்கு விளக்கில்லாம தூக்கம் கிடையாது. அணைஞ்சா விழிச்சுக்குவாரு, விளக்கைக் கொண்டுவா விளக்கைக் கொண்டுவான்னு, பத்தாயிரம் குதிரைக்குச் சொந்தக்காரன், போர்வையை வாயில திணிச்சுக்கிட்டு. எண்ணெய் குறையக் குறைய நான் ஊத்துவேன். தூங்காத ராத்திரி எத்தனையோ எனக்கு. கடைசியில இருமிக்கிட்டே என் கையைப் பிடிச்சு, நீ என்கூட வந்துரு கெபைரி, அங்க யாரு விளக்கு ஏத்துவான்னு கேட்டாரு. வரேன்னேன். ஸ்பாராகிட்டச் சொல்லட்டுமான்னாரு. சொல்ல வேண்டாம், நான் வருவேன், சொல்லணுமான்னேன். சொன்னாரா சொல்லலையான்னு இன்னும் எனக்குத் தெரியாது. ஸ்பாரான்னா அவரோட உயிர் சிநேகிதர், விசாரிக்கறவங்கள்ல பெரியவர், எழுபது வயசு, யார் எப்பப் பொய் சொன்னாலும் காதைச் சொறிவாரு.

ஒண்ணை மட்டும் இவளுக்குச் சொல்லிக்குடுக்கல. தூங்கும்போது அவர் கை வந்து என் காது மடலைப் பிடிச்சுக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு மெல்லத் தேய்ச்சுக்கிட்டே தூங்கிப் போவாரு. பதினெட்டு வருஷம். அதைக் குடுக்க மனசு வரல. உசிரைக் காப்பாத்திக்க எல்லாத்தையும் குடுத்தேன், இது ஒண்ணு எனக்குன்னு வச்சுக்கறேனே, யாருக்கு நஷ்டம். இனிமே மிச்சம் இருக்கற காலத்துக்கு எனக்குன்னு ஒண்ணு வேண்டாமா. இப்ப மந்தா குரல் ஏறுது. அழறா. திரையை ஒட்டிக் காதை வச்சேன். "காதைப் பிடிச்சுக்குவாரு"ங்கறா. "என் காது மடலைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூக்கம் வரும் அவருக்கு, சின்னப் பையனாட்டம்"ங்கறா. எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கல. முத்தத்துல சிரிப்பு மட்டும் தூரமா கேட்டுது. அப்போ எல்லார் காதும்தானா. எவ காது கிடைச்சாலும் பிடிச்சுக்கற கையா அது. இருக்கட்டும், நான் வர்றதுக்கு முன்னாடி அவளோடதான் இருந்தாரு, அவ காதைப் பிடிச்சுப் பழகித்தான் என் காதுக்கு வந்திருக்காரு, அவ மிச்சத்தைத்தான் நான் தின்னிருக்கேன். போச்சு. தெந்தியைத் திருப்பினேன். தாடையைப் பிடிச்சு, காதைச் சொல்லு, தூங்கறப்போ காதைப் பிடிப்பாருன்னு சொல்லுன்னேன். எந்தக் காது அக்கான்னு கேட்டா. இடது காதுன்னேன். ஏன் அக்கா கை இவ்வளவு சில்லுன்னு இருக்குன்னா. பேசாம இருன்னேன்.

என்னைக் கூப்பிட்டுட்டாங்க. மந்தா எதிர்ல வரா, மூஞ்சி பிரகாசமா இருக்கு, ஜெயிச்ச மாதிரியே வரா. என்னைத் தாண்டிப் போறப்போ, கோவம் இல்லாம, தோளைத் தொட்டுட்டுப் போறா. அந்தக் கையை உதறணும்போல இருந்துது. கூடத்துல ஆம்பளைங்க கூட்டம், மது நாத்தம், நடுவுல அவரு, தகட்டுக்குக் கீழ தாடி மட்டும் தெரியுது, போன வாரம் நான் வாரிவிட்ட தாடி. பாக்கக்கூடாது. பாத்தா வாய் வேற எதையாவது சொல்லிடும். ஸ்பாரா என்னைப் பாத்துச் சிரிச்சாரு. ராஜா சொல்லியிருப்பாரா இவர்கிட்ட? பாதத்துல ஏதாவது அடையாளம் உண்டான்னு கேட்டாரு. நான் பாதத்தையெல்லாம் பாத்ததில்லை, ரெண்டு காலும் இருந்துதுன்னேன். கூடம் சிரிச்சுது, சிரிக்கற நாள்தானே. ராத்திரியில எப்படித் தூங்குவாருன்னாரு. குறட்டைன்னேன். தூக்கத்துல அவர் கை என்ன பண்ணும்னு கேட்டாரு. என் காது சுட்டுது, நிசமாவே, யாரோ பிடிச்ச மாதிரி சுட்டுது. கொசு அடிப்பாருன்னேன். இப்ப எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க, சிரிக்காதவன் ரெண்டே பேர், ஒண்ணு தகட்டுக்குக் கீழ படுத்திருக்கான், இன்னொண்ணு தூண்கிட்ட நிக்கிற எங்க அண்ணன். அவன் மூஞ்சி தொங்கிப் போச்சு.  சாகறதுக்கு முன்னாடி ராஜா உங்கிட்ட ஏதாவது கேட்டாராம்மான்னு ஸ்பாரா ரொம்ப மெதுவா கேட்டாரு. தெரியும் இவருக்கு. தெரியாம இப்படிக் கேக்க மாட்டாரு.  தண்ணி கேட்டாருன்னேன். குடுத்தியான்னாரு. குடுத்தேன்னேன். அவர் காதைச் சொறிஞ்சாரு. அவ்வளவுதான் போச்சுடா என் கதைன்னு நினைச்சேன். சரி, நீ போகலாம்னாரு. திரும்பி நடக்கறப்போ பின்னாடி இன்னும் கொசு கொசுன்னு சொல்லிச் சிரிக்கறானுங்க, பதினெட்டு வருஷத்தை ஒரு கொசுவாக்கிக் குடுத்துட்டு வந்துட்டேன், ஆனா காத்து மூக்குக்குள்ள போகுது, வெளிய வருது, என்ன சுகமா இருக்கு.

தெந்தி போனா. நான் சுவத்துல சாஞ்சு உக்காந்தேன். மந்தா எதிர்ல உக்காந்து கண்ணை மூடி எதையோ முணுமுணுக்கறா, அவ தம்பிக்குக் கை நடுங்கக்கூடாதுன்னு வேண்டிக்கறாளா இருக்கும். தெந்தி குரல் கேக்குது, சின்னக் குரல், ஒப்பிக்கற மாதிரி இல்லாம நல்லாத்தான் சொல்றா. ஒட்டின விரலைச் சொன்னா. யாரோ ராஜா கால் பூட்ஸைக் கழட்டற சத்தம், அப்புறம் ஒரே முணுமுணுப்பு. காதைச் சொன்னா. விளக்கைச் சொன்னா. மந்தா கண்ணைத் திறந்தா. விளக்கான்னு வாயசைச்சா, சத்தம் வரல. அங்கயே நிறுத்தியிருக்கணும் இந்தப் பொண்ணு, நான் அவ்வளவுதான் சொல்லிக்குடுத்தேன். நிறுத்தல. விளக்கு அணைஞ்சுட்டா தம்பி தம்பின்னு அழுவாருங்கறா. நான் என் முந்தானையால அவர் கண்ணைத் துடைச்சுவிடுவேன், துடைச்சா நீ நல்லவன்னு சொல்லு, நீ நல்லவன்னு சொல்லுன்னு கெஞ்சுவாரு, சொல்லுவேங்கறா. இதை நான் சொல்லிக் குடுக்கல. தம்பி தம்பின்னு அவர் அழுது நான் கேட்டதே இல்ல. சாமர்த்தியமா ஜோடிக்கறாளா, இல்ல நிசமாவா? எப்போ? எனக்குக் காய்ச்சல்னு நாலு நாள் தனியாப் படுத்திருந்தேனே, அறுவடைக்கு முன்னாடி, அப்பவா? பேரே தெரியாதுன்னு நினைச்சேனே. பேர் தெரியாதவகிட்டத்தான் அழ முடிஞ்சுதா அவரால. என்கிட்ட விளக்கு மட்டும் கேட்டாரு. சீ, இப்ப எதுக்கு இந்த யோசனை, ஜெயிக்கட்டும், ஜெயிச்சு ஒழியட்டும், என் உசிர்தானே எனக்கு வேணும். அதுக்குள்ள கூடமே ஆரவாரமா எந்திரிச்சுது. தெந்தி தெந்தின்னு கத்தறாங்க. முதல் தடவையா இந்த அரமனையில அவ பேரைச் சொல்றாங்க. மந்தா ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா.

மேட்டுக்கு எல்லாரும் நடந்து போனோம். அவளை நடுவுல விட்டு, பொம்பளைங்க அவ கையைத் தொட்டுத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறாங்க, நேத்து வரைக்கும் மாட்டுச்சாணி அள்ளச் சொன்ன அதே பொம்பளைங்க. தெந்தி என்னைத் தேடித் திரும்பித் திரும்பிப் பாக்கறா. நான் தலையை ஆட்டினேன், நல்லாப் பண்ணிட்டேடின்னு. குழி பெருசா, கல்லு கட்டி, வாசலோட இருக்கு, குதிரை ரெண்டை ஏற்கெனவே வெட்டிப் போட்டிருந்தாங்க. ஸ்பாரா அவ முழங்கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாரு. மான் குறி, தர்ஸாஸ் வா முன்னாடின்னாரு. எங்க அண்ணன் வந்தான். கத்தியை உருவினான். அவளைப் பாக்கல, என்னைப் பாத்தான். மெதுவாத்தான் புரியும் அவனுக்கு, ஆனா புரிஞ்சுட்டா முழுசாப் புரியும். "எங்க அம்மா வயித்துல பொறந்த பொண்ணு ஒருத்திதான்"னான். "அவ கொசுக் கதை சொல்லித் தன் உசிரைக் காப்பாத்திக்கிட்டா. இவ வயித்துல பொறக்கல, ஊசியில பொறந்தா. குத்தினவதான் இவளுக்குச் சொந்தம், அவளே அறுக்கட்டும்." சொல்லிட்டுக் கத்தியைத் திருப்பிப் பிடிச்சு என் முன்னால நீட்டினான். கூட்டம் ஒரு நிமிஷம் யோசிச்சுது. அப்புறம் நியாயம் நியாயம்னு சிரிச்சுது. ஸ்பாரா காதைச் சொறியல. அதுவும் முறைதாம்மா, வான்னாரு.

கத்தி கனமே இல்ல. நாலு நாள் தீட்டினதுல பாதி தேஞ்சு போயிருக்கும்போல. எனக்காகத் தீட்டினது. அப்பத்தான் மந்தா ஓடி வந்து என் முழங்கையைப் பிடிச்சா. தலைமுடி அவுந்து, வாய் கோணி, அவமானத்துல ஒரே நாள்ல கிழடு தட்டிப் போயிருந்தா. காதுக்குள்ள பேசினா. "ஒரு வார்த்தை சொல்லு கெபைரி. குறி பொய்யின்னு சொல்லு. நான்தான் விளையாட்டுக்குக் குத்தினேன்னு சொல்லு. அந்தப் பிள்ளை பொழைச்சுப் போகட்டும், நான் போறேன். உன்னை யாரும் கேக்க மாட்டாங்க, நீ தோத்தாச்சு. உன் காலைப் பிடிக்கறேன்"ன்னா. பிடிச்சா, நிசமாவே மண்ணுல உக்காந்து காலைப் பிடிச்சா. அவ சொல்றது அத்தனையும் சரி. ஒரு வார்த்தை. குறி பொய். குறி இல்லைன்னா வீடு இல்ல, வீடு இல்லைன்னா தெந்தி போட்டியில இல்ல, நான் தோத்தவ, மிச்சம் மந்தா ஒருத்திதான். அவளுக்கு வேணுங்கறது அவளுக்குக் கிடைக்கும், இந்தப் பிள்ளைக்கு உசிரு கிடைக்கும், எனக்கு ஏற்கெனவே கிடைச்சாச்சு. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. நாக்கு நுனியில நிக்குது. குறி பொய். இவ்வளவு சின்ன வார்த்தை. சொல்லப்போறேன். சொல்லிட்டா இவ எந்திரிப்பா, மூஞ்சியைத் துடைச்சுக்குவா, உள்ள போவா, அவர் பக்கத்துல படுப்பா, அவர் கை தேடிக்கிட்டு வரும், தேடி அவ காதைப் பிடிச்சுக்கும், முதல்லேர்ந்தே அவளோட காதுதான், நடுவுல நான் யாரோ விளக்குக்காரி. என் கன்னத்தைக் கிள்ளின கை. பதினாலு வருஷமா நான் கும்பிட்டது ஒண்ணுக்குத்தான், இந்தப் பொம்பளை ஒருநாள் என் கால்ல கிடந்து அழணும்னு. கிடக்குறா. மனசு நிறையல. இன்னும் கொஞ்சம் அழட்டும்னு இருக்கு. உசிரோட இருந்து அழட்டும், நான் பாத்துக்கிட்டே இருக்கணும்.

தெந்தி மண்டி போட்டுட்டா. என்னை நிமிந்து பாத்தா, அவ மூஞ்சியில பயம் கொஞ்சம் இருந்துது, என்னைப் பாத்ததும் அதுவும் போயிடுச்சு. "நீங்களா அக்கா"ன்னா. "அப்பாடா. யாரோ முன்னபின்ன தெரியாத ஆம்பளை கைன்னு நினைச்சு நடுங்கிக்கிட்டே வந்தேன். நீங்கன்னா சரி." வாயைத் திறந்தேன். கீழ மந்தா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு என் வாயையே பாக்கறா, ஸ்பாரா பாக்கறாரு, அண்ணன் பாக்கறான், சிரிப்பு அத்தனையும் நின்னுபோச்சு.

"தாடையைக் கொஞ்சம் தூக்கிக்கோடி கண்ணு"ன்னேன்.